குட்டி யானைக்குள் ஒரு கச்சேரி

சிவகிரி என்றதும் ஈரோடு பக்கத்துச் சிவகிரி நினைவுக்கு வந்தால், அது வேறு ஊர். இது சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிவகிரி. கொல்லத்தில் தொடங்கி செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி, ராஜபாளையம் வழியாகத் திருமங்கலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. விடிவதற்கு முன்பே லோடு வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். எலுமிச்சை, தேங்காய், நெல் மூட்டை, வைக்கோல், முகூர்த்த நாளென்றால் கல்யாண வீட்டுப் பாத்திரம். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் பாட்டு காதில் விழும். முழுப் பாட்டும் விழாது. டம்... டம்... டம்... அவ்வளவுதான். பல்லவி எது, சரணம் எது என்று வண்டி தாண்டிப் போன பிறகும் தெரியாது.

அந்த "டம்"முக்கு ஓட்டுநர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார் என்பதுதான் வருத்தம். அதே பணத்தில் பாட்டே கேட்டிருக்கலாம்.

"டிரைவருக்கு எதுக்குப் பாட்டு, வண்டிய ஓட்டுனா போதாதா?" என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. அவர்கள் காரில் என்ன சிஸ்டம் இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு தகரப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு என்பது பேச்சுத்துணை. தூக்கத்தை விரட்டத்தான் பாட்டு என்று சிலர் சொல்வதையும் ஏற்க முடியாது. தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தித் தூங்குவதுதான் வழி. வால்யூமைக் கூட்டினால் கண் திறந்திருக்கும், கவனம் திறந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கம்பெனி கொடுக்கும் சிஸ்டத்தைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது எப்படி என்பது பெரிய கேள்வி. அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. கம்பெனி என்ன கொடுத்தது?

டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். மூன்று சக்கர லோடு ஆட்டோவை வைத்திருந்தவர்கள் நான்கு சக்கரத்துக்கு மாற ஒரு வழி பிறந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டில் அதற்குக் "குட்டி யானை" என்று பெயரும் வைத்தாயிற்று. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. 2016-ல் மாருதியின் சூப்பர் கேரி. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மலையடிவார ஊர்களில் தடுக்கி விழுந்தால் அதன் பம்பரில்தான் விழ வேண்டும். இந்த வண்டிகள் எல்லாம் விலையில் போட்டி போடுபவை. எத்தனை டன் ஏறும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாச டியூ எவ்வளவு என்ற மூன்று கேள்விகளில்தான் விற்பனை முடிகிறது. உள்ளே உட்காருபவரின் காதைப் பற்றி அந்தக் கேள்விகளில் எதுவும் இல்லை. அதனால் விலை குறைந்த மாடல்களில் "கம்பெனி சிஸ்டம்" என்பது பல சமயம் டேஷ்போர்டில் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. கொஞ்சம் தாராளமான மாடல் என்றால் ஒரு ரேடியோவும் காகிதக் கூம்பு போட்ட இரண்டு ஸ்பீக்கர்களும்.

ஆனால் கம்பெனி கொடுக்காமல் விட்ட மிகப் பெரிய பொருள் ஸ்பீக்கர் இல்லை. அமைதி.

எஞ்சின் காபினோடு ஒட்டியே இருக்கிறது. தரையில் ஒரு ரப்பர் விரிப்பு, கதவுக்குள் வெறும் தகரம், முதுகுக்குப் பின்னால் இன்னொரு தகரம். ஏசி இல்லாத வண்டியில் சித்திரை வெயிலுக்குக் கண்ணாடியை இறக்காமல் ஓட்ட முடியாது. இறக்கினால் காற்றும் எதிர்வண்டியின் இரைச்சலும் உள்ளே. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் காபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் அது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு. குட்டி யானையும் அதன் அண்ணன் தம்பிகளும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டார்கள். வெயில் மட்டும் டன் கணக்குப் பார்த்து அடிப்பதில்லை.

காது விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை ஒவ்வொரு லோடு வண்டியின் கண்ணாடியிலும் ஒட்டி வைக்கலாம். அமெரிக்காவின் தொழில்வழிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி நேரம். காபினுக்குள் இரைச்சல் ஏற்கெனவே 80-ஐ நெருங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் வரிகள் புரிய வேண்டுமானால் பாட்டு அந்த இரைச்சலுக்கு மேலே நிற்க வேண்டும். எட்டு, பத்து டெசிபல் மேலே வைத்தால் 88, 90. சிவகிரியில் இருந்து மதுரை போய் இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். பாட்டைக் குறைக்கச் சொல்லி அறிவுரை சொல்வது சுலபம். இரைச்சலைக் குறைத்தால் பாட்டு தானாகக் குறையும் என்பதை யாரும் சொல்வதில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்பவருக்காவது இவ்வளவு மணி நேரத்துக்கு இவ்வளவு டெசிபல்தான் என்று ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்கு என்றே 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதுவும் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் இருந்தது. தவணையில் ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டுபவர் எந்தச் சட்டத்தின் எட்டு மணி நேரத்திலும் அடங்க மாட்டார். அவர் காதை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் கைக்காசில்.

இப்போது ஆடியோ கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். "நாலு அம்பது எறநூறு வாட்ஸ் அண்ணாச்சி, கண்ணாடி அதிரும்!" பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கும், 4 x 50 வாட்ஸ். வணிகவியலில் இதற்கு "பெயரளவு மதிப்பு" என்று பெயர். உண்மை மதிப்பு என்ன?

வண்டி ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத சாதாரண செட் அதற்கு மேல் வோல்ட்டை எங்கிருந்தும் கொண்டு வர முடியாது. உள்ளே இழப்பெல்லாம் போக, அலையின் சராசரிக் கணக்கில் ஸ்பீக்கருக்குச் சேர்வது சுமார் 9 வோல்ட். ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 20 வாட்ஸ். அவ்வளவுதான் சுத்தமாக வரும். மீதி 30 வாட்ஸ் அட்டைப்பெட்டியில் அச்சடித்த மை. நம்பிக்கை இல்லாவிட்டால் செட்டின் முதுகைத் திருப்பி ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால், 14 வோல்ட்டில் அந்தச் செட் தொடர்ந்து எடுக்கக்கூடியது 140 வாட்ஸ். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். 140 வாங்கிக்கொண்டு 200 திருப்பித் தருவதற்கு இது என்ன சீட்டுக் கம்பெனியா? :-)

வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகும் என்பது அடுத்த நம்பிக்கை. ஆகாது. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்று தோன்றும் அளவு. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 20-ல் இருந்து 200. அதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர், தடிமனான ஒயர், பேட்டரிக்குக் கூடுதல் சுமை. பொருளியல் முதல் பாடத்தில் வரும் குன்றிவரும் பயன்பாட்டு விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இன்னும் ஆரஞ்சுப்பழம்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் பெட்டியில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும், சென்சிட்டிவிட்டி என்று. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 88 போட்ட ஸ்பீக்கரை விட்டுவிட்டு 91 போட்டதை எடுத்தால், செட்டின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆம்ப்ளிஃபையர் செலவு மிச்சம். பெரிய எழுத்தில் "மேக்ஸ் 300 வாட்ஸ்" என்று போட்டிருப்பதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இந்தச் சின்ன எழுத்தைப் படித்தால், கடைகளில் வைக்கும் சரக்கே மாறிவிடும்.

கையில் 6,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடக்கிறது? மூவாயிரத்துக்குத் திரை வைத்த செட், இரண்டாயிரத்துக்குச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வூஃபர் பெட்டி, மிச்சம் ஆயிரத்துக்குக் கதவில் ஏதோ இரண்டு ஸ்பீக்கர், ஒயரும் கூலியும் அதற்குள்ளேயே. பின்னால் இருந்து "டம்", முன்னால் இருந்து "கீச்". பாடுபவரின் குரல் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போயிருக்கும். இதற்குப் பதிலாகக் கதவுக்கும் தரைக்கும் 1,500, ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு 2,000, புளூடூத்தும் யுஎஸ்பியும் உள்ள திரையில்லாத சாதாரண செட்டுக்கு 1,800, ஒயர், ஃப்யூஸ், கூலிக்கு 700 என்று பிரித்தால் வேறு வண்டியில் உட்கார்ந்தது போல இருக்கும். விலை கடைக்குக் கடை மாறும். விகிதத்தைப் பார்த்தால் போதும்.

கதவுக்கு 1,500 என்றதும் பலர் சிரிப்பார்கள். கதவுக்கு எதற்குப் பணம்?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது, பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். கீழ்ஸ்தாயிச் சத்தத்தில்தான் இந்த அழிவு அதிகம். கதவின் உள்தகட்டைப் பார்த்தால் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி மெஷினைக் கழற்றி மாட்டுவதற்காக. அந்த வழியாகத்தான் மிருதங்கத்தின் தொப்பியும் தபலாவின் டக்காவும் தப்பித்துப் போகின்றன. அந்த ஓட்டைகளை அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டால் மூடி, வெளித்தகட்டின் உட்புறத்திலும் கொஞ்சம் ஒட்டினால், தகரம் அதிர்வது நிற்கும், வெளி இரைச்சல் குறையும், வூஃபர் வாங்காமலே அடிச்சத்தம் வரும். ஒரே செலவில் மூன்று வேலை. விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்கி ஒட்டினால், மே மாதத்தில் கதவே உருகி வழிவது போல நாறும். கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அது. ஆர்வக்கோளாறில் அதையும் ஒட்டி மூடினால் அடுத்த ஐப்பசிக்குள் கதவு துருப்பிடித்துவிடும்.

ஸ்பீக்கரைத் தகரத்தில் நேரடியாகத் திருகாமல் இடையில் ஒரு மர வளையம் வைப்பது நல்லது. கடைகளில் எம்.டி.எஃப் வளையம் கொடுப்பார்கள். ஈரம் பட்டால் அது பன் மாதிரி ஊதிவிடும். ஊரில் எந்த ஆசாரியிடம் சொன்னாலும் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டில் இரண்டு வட்டம் அறுத்துத் தருவார், தேநீர் செலவோடு முடிந்துவிடும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங் நைந்திருந்தால் அதை மாற்றுவதும் ஆடியோ செலவில்தான் சேரும், கணக்குப்பிள்ளைகள் எந்தத் தலைப்பில் எழுதினாலும் சரி.

காசே இல்லாமல் செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்குப் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அடிச்சத்தம் செத்துவிடும். நிறைய வண்டிகளில் நோய் இதுதான், மருந்தாக வூஃபர் வாங்கி வைத்திருப்பார்கள். செட்டில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு விநாடி தொட்டால் போதும். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும், மாறினால் உள்ளே போகும். இரண்டும் ஒரே மாதிரி நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது பென் டிரைவ். ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்-ல் கிட்டத்தட்ட 4.8 எம்பி. 4 ஜிபி-யில் எண்ணூறு பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொள்ளும். ஆயிரத்து ஐந்நூறு பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒவ்வொரு பாட்டிலும் பாதியைப் பிழிந்து எடுத்துவிட்டார் என்று அர்த்தம். (அது யாருடைய பாட்டு, யாருக்குப் பணம் போக வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) பிழிந்த கரும்பை மறுபடி எந்த மெஷினில் கொடுத்தாலும் சாறு வராது.

ஒயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இங்கே கெடுவது பாட்டு மட்டும் இல்லை, வண்டியே எரியலாம். செட்டோடு வரும் ஒயர்களில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டியது, சிவப்பு சாவியோடு வந்து சாவியோடு போக வேண்டியது, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியில் கொடுத்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது. நான்கு நாள் லோடு இல்லாமல் நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு வெயிலில் பிசின் விட்டுக் கழன்றுகொள்ளும். ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொன்னால் எலக்ட்ரீஷியன் முகம் சுளிப்பார். கூலியில் நூறு கூடுதலாகக் கொடுத்தால் சுளிப்பு போய்விடும். பேட்டரியில் இருந்து தனியாக ஒயர் இழுத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஒயரின் மறுமுனையில் ஃப்யூஸ் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தகரத்தில் பட்டு எரியும்போது அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்கப் பாட்டுக்கு நடுவில் "உய்ங்ங்" என்று ஒரு சத்தம் ஏறினால், பெரும்பாலும் எர்த் சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் முடுக்க வேண்டும். அதற்குக் கடையில் விற்கும் ஃபில்டர் வாங்குவது கடைசி வழி.

காபினுக்கு மேலே கூம்பு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வரும் வண்டிகள் வேறு ஜாதி. உப்பு விற்பவர், பழைய இரும்பு எடுப்பவர், அவர்களுடைய சத்தம் தொழில். அந்தக் கூம்புகள் தெருமுனைவரை கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை. உள்ளே இருப்பவருக்குப் பாட்டு கேட்பதற்காக அதை மாட்டுவது ஊரைத் தண்டிப்பது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் ஒலி மாசுக்கான அபராதம் முதல் தடவைக்கு ஆயிரம் ரூபாயாக இருந்தது, 2019 திருத்தத்தில் பத்தாயிரம் வரை போயிற்று. புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போகும் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, அலங்கார விளக்கும் அதிரடி ஆடியோவும் வைத்த வண்டிகளை அங்கே வரிசையாகப் பிடித்தார்கள். அந்த விபத்துக்குக் காரணம் வேகம், ஆடியோ இல்லை. ஆனாலும் பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் காதில் விழாத அளவுக்கு ஒரு காபின் அதிர்ந்தால், அதைப் பிடிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் வூஃபர் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம், தப்பில்லை. சீட்டுக்கு அடியில் போகும் தட்டையான வகை இருக்கிறது. கதவை அடைத்து, நல்ல ஸ்பீக்கர் போட்டு, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் கணக்கு. அதற்குள் பலருக்கு அந்த ஆசை போய்விடும், இல்லாவிட்டால் டயர் மாற்றும் நேரம் வந்துவிடும்.

வண்டியை விற்கும்போது வாங்குபவர் ஆடியோவுக்கு என்று ஒரு ரூபாய்கூடச் சேர்த்துத் தர மாட்டார். டயரைப் பார்ப்பார், எஃப்.சி. தேதியைப் பார்ப்பார், அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். செட்டும் ஸ்பீக்கரும் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொண்டு போகக்கூடியவை, அந்த ரப்பர் ஷீட் மட்டும்தான் கதவோடு போகும். ஆகவே கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள். செட் மாட்டும்போது டேஷ்போர்டில் இருந்து கழற்றும் அந்த பிளாஸ்டிக் மூடியையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். விற்கும் அன்றைக்கு அது தேவைப்படும்.